பொட்டு இல்லாத டிஸ்க்

பதிவைத் திருத்திய குற்றத்துக்கு எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டுமாம். விளக்கம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாதாம். தாண்டும். ஒரு பக்கத்தில் அடங்குகிற கோபம் இல்லை இது.

என் பெயர் கோகிலவாணி. ஆலைகளின் பதிவு சர்வர்களைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். கோவைக்கும் பல்லடத்துக்கும் நடுவே இருக்கும் யுகசக்தி பேட்டரி மறுசுழற்சி ஆலைக்கு, பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை, ஒரே ஒரு கையெழுத்துப் போடத்தான் போனேன். சனிக்கிழமையே வீட்டில் உட்கார்ந்தபடி அவர்களுடைய சர்வரில் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன். நேரில் வந்து பார்த்து எல்லாம் சரி என்று ஒப்பமிட வேண்டும் என்பது விதி. பதினைந்து நிமிட வேலை.

வாசலிலேயே ஒரு பெண் வழியை மறித்தாள். முப்பது வயது இருக்காது. ஐந்து மாத வயிறு.

"நீங்கதானுங்களா சனிக்கிழமை மெஷினை மாத்தி உட்டது?"

"ஆமா. நீங்க?"

"தனுஷ்யா. போன செப்டம்பர் வரைக்கும் உலை ஷெட்டு. நூறு வந்துருச்சுன்னு ஆபீசுக்கு மாத்துனாங்க." கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இப்பப் பாருங்க."

திரையில் எழுபத்தொன்பது என்று இருந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நூறுங்க. நேத்து மெசேஜ் வருது, உன்ற எண்ணு நூறுக்குக் கீழ இருக்குது, திங்கக்கிழமை ரெண்டு மணி ஷிப்டுக்கு உலைக்கு வந்துருன்னு. என்னோட சேத்து நாப்பத்தொரு பேருக்கு வந்துருக்குது. என்ன பண்ணுனீங்க எங்களை?"

நோட்டீஸ் அனுப்பிய அதிகாரிகள் யாரும் ஈய உலைப் பக்கம் போயிருக்க மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கும் தொழிலாளிகளுக்கு இடது கையில், தோலுக்கு அடியில், அரிசி அளவில் ஒரு சில்லு இருக்கிறது. ஷெட் வாசலில் கையை நீட்டினால் கடைசியாக வந்த நாளில் உடம்பில் எவ்வளவு ஈயம் ஏறியது என்று அது சொல்லும். சொன்னதும் மறந்துவிடும். கூட்டி வைத்துக்கொள்வது ஆலையின் சர்வர்தான். கூட்டல் நூறைத் தொட்டால் அந்த ஆள் அதற்குப் பிறகு உலைக்குப் போகக் கூடாது. ஆலையே வேறு வேலை கொடுத்தாக வேண்டும். எண் சட்டம் என்று பெயர். அது வந்தபோது கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

கை தட்டும்போது யாரும் கடைசிப் பத்தியைப் படிக்கவில்லை. எண் வந்த பிறகு வேறு எந்தச் சான்றும் செல்லாது. ரத்தப் பரிசோதனை செல்லாது, டாக்டர் கடிதம் செல்லாது. கர்ப்பிணிகளை ஈயத்தின் பக்கம் விடக் கூடாது என்று முன்பு ஒரு விதி இருந்தது. எண்ணே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி அதையும் நீக்கிவிட்டார்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத் தனி எண் கிடையாது. அம்மாவின் எண்ணில் அதுவும் அடக்கமாம். இதை எழுதிய மனிதர் வீட்டில் பெண்களே இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கிறேன்.

"போகலைன்னா என்ன ஆகும்?" என்று தனுஷ்யாவிடம் கேட்டேன்.

"நானா வேலையை உட்டதா எழுதிக்குவாங்களாமா. குவார்ட்டர்ஸக் காலி பண்ணோணும். ஆஸ்பத்திரிக் கார்டும் போயிரும்." குரல் உடையப் போகிறது என்று நினைத்தேன். உடையவில்லை, இன்னும் உயர்ந்தது. "உலையை உட்டு வெளிய வந்தப்புறந்தான் கொழந்தைன்னு ரெண்டு வருசம் தள்ளிப் போட்டமுங்க்கா. நூறு எப்ப வரும், நூறு எப்ப வரும்னு காத்துக் கெடந்து பெத்துக்கறது இது. இப்ப வந்து எழுபத்தொம்பதுங்கறீங்க."

மணி பதினொன்று. இரண்டு மணிக்கு ஷிப்ட். கையெழுத்துத் தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, சர்வர் அறை எங்கே என்று கேட்டேன்.

சர்வர் அறையின் சாவி எலெக்ட்ரீஷியன் ஆறுச்சாமியிடம் இருந்தது. நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் டெஸ்டர். அவர் கதவைத் திறந்துவிட, தனுஷ்யா கேட்காமலேயே எங்கள் பின்னால் உள்ளே வந்தாள். வெளியே போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கீபோர்டை இழுத்து வைத்து, இரண்டு டிஸ்க்குகளின் நிலையையும் கேட்டேன். பதிலை நம்பாமல் இன்னொரு தடவை கேட்டேன். அதே பதில்தான்.

"என்ன போட்டுருக்குதுங்?" என்றார் ஆறுச்சாமி.

"இந்த மெஷின்ல ரெண்டு டிஸ்க் இருக்குதுண்ணா. ஒரே பாடத்தை ரெண்டு நோட்டுல எழுதற மாதிரி, எது வந்தாலும் ரெண்டுலயும் எழுதும். ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு காப்பாத்தும். இதுக்கு ரெய்டுன்னு பேரு."

"செரி."

"இப்ப ரெண்டு நோட்டுலயும் வேற வேற பாடம் இருக்குது. முதல் டிஸ்க்குல போன வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்குது. ரெண்டாவதுல போன ஏப்ரல் ஒம்பதாம் தேதியோட நின்னுபோச்சு. மெஷின் ரெண்டாவதை நம்பிட்டு உக்காந்திருக்குது. அதான் எழுபத்தொம்பது காட்டுது."

"பழசைப் போயி எதுக்குங் நம்போணும்?" இது தனுஷ்யா.

நியாயமான கேள்வி. ஒவ்வொரு டிஸ்க்கின் தலைப்பிலும் ஓர் எண் எழுதியிருக்கும். மெஷின் ஒவ்வொரு தடவை எழும்போதும், நிற்கும்போதும், டிஸ்க்குகளில் ஏதாவது மாறும்போதும் அது ஏறும். இரண்டு டிஸ்க்கும் ஒத்துப்போகாவிட்டால், எண் பெரிதாக உள்ளதைத்தான் மெஷின் உண்மை என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. சட்டத்துக்கும் இந்த மெஷினுக்கும் ஒரே புத்தி.

முதல் டிஸ்க்கின் எண் ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டாவதன் எண் நாற்பதாயிரத்து ஆறு. ஏப்ரலிலிருந்து தூங்கிய டிஸ்க்குக்கு நாற்பதாயிரம் எங்கிருந்து வரும்? யாரோ அதை வேறொரு மெஷினில் மாட்டி, எழுப்பி நிறுத்தி, எழுப்பி நிறுத்தி, எண்ணை ஏற்றியிருக்கிறார்கள். தானாக நடக்கிற காரியம் இல்லை அது. பொறுமையாக உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

"ஏனுங்க்கா, அப்ப எங்க நூறு முதல் டிஸ்க்குல பத்திரமாத்தான இருக்குது?"

"இப்போதைக்கு இருக்குது கண்ணு. மெஷின் அதை அழிக்கறதுக்குக் காத்துட்டு இருக்குது. ரெண்டாவதுல இருக்கற பழைய பாடத்தை முதல்ல எழுதி, ரெண்டையும் ஒண்ணாக்கப் போகுது. புதுசா ஒரு வரி உள்ள வந்தா ஆரம்பிச்சிரும். சனி ஞாயிறு லீவு. இன்னைக்கு முதல் ஷிப்டே ரெண்டு மணிக்குத்தான். அதனால இன்னும் ஒரு வரியும் வரலை."

"அடுத்த வரி எப்ப வரும்?"

பதில் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு மணிக்கு ஷெட் வாசலில் யார் முதலில் கையை நீட்டுகிறார்களோ, அந்த நொடியில் வரும். உலைக்குள் போகும் நாற்பத்தொரு பேரில் ஒருவரின் கையாலேயே அத்தனை பேரின் நூறும் அழியும்படி செய்திருக்கிறார்கள். அழிந்த பிறகு கேட்க ஆள் இருக்காது. இரண்டு டிஸ்க்கும் ஒரே பொய்யைச் சொல்லும்.

இந்த இடத்தில்தான் பொது மேலாளர் ரகுநந்தன் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. முகத்தில் சிரிப்பு.

"மேடம், சைன் பண்ணிட்டீங்களா? காபி சொல்லட்டுமா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"டெக்னிக்கல் பால்ட் மேடம். அந்த டிஸ்க் எப்பவும் அங்கேயேதான் இருக்கு. ஏப்ரல்ல அதுவா விலகியிருக்கும், உங்க அப்கிரேடு அதைத் திரும்பச் சேர்த்திருக்கும். வருத்தம்தான். ஆனா சட்டப்படி ஓடிட்டு இருக்கற பதிவுதான் பதிவு. அதுல நீங்க கை வெச்சா பதிவைத் திருத்தினதாயிடும். ஏழு வருஷம் ஜெயில். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லதாம். அவர் பக்கத்திலேயே ஐந்து மாத வயிற்றுடன் ஒருத்தி நிற்கிறாள். அவளுடைய நல்லது அவர் வாயில் வரவில்லை. அவர் அவளைப் பார்க்கக்கூட இல்லை.

சட்டத்தில் எனக்கு இருந்தது ஒரே ஒரு வழி. வெளியிலிருந்து வந்த டிஸ்க் பதிவு சர்வரில் இருந்தால், அதைக் கண்ட தொழில்நுட்பர் உடனே நீக்க வேண்டும். நீக்கலாம் என்று இல்லை, நீக்க வேண்டும். ஆனால் அது வெளியே போய் வந்தது என்று எப்படிக் காட்டுவது? நாற்பதாயிரம் என்று சொன்னால் மெஷின் கோளாறு என்பார்.

ஆறுச்சாமி குனிந்து சர்வரின் முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மட்டும் பொட்டைக் காணமே," என்றார்.

அப்போதுதான் நானும் கவனித்தேன். முதல் டிஸ்க்கின் நெற்றியில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். சர்வர் மூலையில் ஒன்று, ஏசியில் ஒன்று, சுவிட்ச் போர்டில் மூன்று, தீயணைப்பு சிலிண்டரில்கூட ஒன்று. இரண்டாவது டிஸ்க் மட்டும் மொட்டை நெற்றியோடு இருந்தது.

"ஆயுத பூஜைக்கு இந்த ரூம்ல ஒண்ணு உடாம வெச்சமுங்க," என்றார் ஆறுச்சாமி. மேலாளரைக் குற்றம் சாட்டும் நோக்கமெல்லாம் அவருக்கு இல்லை. சாமி காரியத்தில் குறை வந்துவிட்டதே என்றுதான் வருத்தப்பட்டார். "ஒண்ணை உட்டாப் பூஜை பண்ணுன மாதிரியாங்?"

"யாராவது துடைச்சிருப்பாங்க," என்றார் மேலாளர்.

"இல்லீங் சார்." தனுஷ்யாவின் குரல். "பொட்டு வெச்சது நானுங்க. அப்பத்தான் ஆபீசுக்குப் புதுசா வந்துருந்தேன். ரெண்டாவது எடத்துல டிஸ்க்கே இல்லீங். வெறும் ஓட்டைதான் இருந்துச்சு."

"நாலு மாசத்துக்கு முன்னாடி பார்த்தது. ஞாபகம் மாறியிருக்கும்."

"எப்படீங் மாறும்? ஓட்டைக்கு எதுக்குங்ண்ணா பொட்டுன்னு கேட்டேன். அண்ணந்தான், காலியா இருந்தா என்ன, நாளைக்கு அங்க ஒண்ணு வந்து உக்காரும், கையை உள்ள உட்டு வெய்யின்னாங்க. வெச்சனுங்க. உள்ளாற."

"ஆமாமா," என்றார் ஆறுச்சாமி. "கையைக் கிழிச்சுட்டுச்சு பாவம்."

இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து ஓடுவதை நிறுத்தும் கட்டளையை நான் அடித்தேன்.

"மேடம், கை வைக்காதீங்க."

"ஆயுள்ல முதல் தடவையா சரியான எடத்துல கை வெக்கறேன் சார், சும்மா இருங்க," என்றேன். இரண்டாவது டிஸ்க்கை இழுத்து மேசைமேல் வைத்தேன். ஆறுச்சாமி டார்ச்சை அடித்தார். டிஸ்க் உட்கார்ந்திருந்த இடத்தின் உள்பக்கச் சுவரில், விரல் நுனி அளவு சந்தனம். அதன் நடுவே, கொஞ்சம் கோணலாக, குங்குமம். டிஸ்க் இருக்கும்போது யாரும் அங்கே விரலைக் கொண்டுபோக முடியாது. குழந்தைக்குக்கூடப் புரியும்.

கைபேசியில் நான்கு படம் எடுத்தேன். இந்த விளக்கத்தோடு அவற்றையும் இணைத்திருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

மேலாளர் சிரிப்பை மடித்து வைத்துவிட்டார். அலமாரியைத் திறந்து ஒரு கூரியர் உறையை எடுத்து என் முன்னால் போட்டார்.

"என்னைத் திருடன் மாதிரி பார்க்காதீங்க. போன ஏப்ரல்ல சர்வீசுக்கு வந்த உங்க ஆள், டிஸ்க் வீக்கா இருக்குன்னு கழட்டிட்டுப் போனார். போன வாரம் உங்க ஆபீஸ் திருப்பி அனுப்பினாங்க, அப்கிரேடுக்கு முன்னாடி மாட்டச் சொல்லி. மாட்டினோம். அப்கிரேடு பட்டியல்ல படி பதினேழு. இரண்டாம் டிஸ்க் பொருத்தப்பட்டதா? ஆம்னு டிக் போட்டது யாரு? நீங்க."

உண்மை. சனிக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே, பத்தோடு பதினொன்றாக நான் போட்ட டிக். என்ன டிஸ்க், எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. பட்டியலில் இருந்தது, போட்டேன். என் மேல் வழக்குப் போட வேண்டுமானால் அந்த டிக்குக்குப் போடுங்கள், வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்கிறேன்.

"எதுக்கு இதுன்னு நீங்க கேட்கலையா?" என்றேன்.

"பதிவு சீரமைப்புன்னு சொன்னாங்க. நாற்பத்தொரு பேரை உலைக்கு வெளியே உக்கார வெச்சுட்டு நான் எப்படி ஆலை நடத்தறது? இந்தச் சீரமைப்பை எல்லாரும் எடுத்துக்கறாங்க, நாங்களும் எடுத்துக்கிட்டோம்."

"ஆக, இந்த டிஸ்க் வெளியிலிருந்து வந்ததுன்னு நீங்களே சொல்றீங்க."

ஆறுச்சாமியும் தனுஷ்யாவும் சாட்சிக்கு நின்றார்கள்.

பொட்டு வைத்த டிஸ்க்கை மட்டும் வைத்து சர்வரை எழுப்பினேன். ஒற்றை டிஸ்க், பாதுகாப்பு இல்லை என்று மெஷின் முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும். மொட்டை டிஸ்க்கை அந்தக் கூரியர் உறையிலேயே போட்டு ஒட்டி, மேலே மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். மேலாளர் போட மறுத்தார். அதையும் உறையின் மேலேயே எழுதினேன்.

மணி இரண்டு. ஷெட் வாசலில் மற்ற நாற்பது பேரும் வரிசையில் நின்றார்கள். வராவிட்டால் விலகியதாகிவிடுமே, அதனால் வந்திருந்தார்கள். நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. தனுஷ்யா எல்லோருக்கும் முன்னால் போய்க் கையை நீட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. நூறு, அனுமதி இல்லை என்று எழுத்து ஓடியது. பின்னால் நின்ற ஒருவர் ஓவென்று கத்தியேவிட்டார். அடுத்தவர் நீட்டினார், சிவப்பு. அடுத்தவர், சிவப்பு. தனுஷ்யா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

விளக்கம் இங்கே முடிந்திருந்தால் நீங்கள் கேட்டபடி ஒரு பக்கத்துக்குச் சுருக்கிக் கொடுத்திருப்பேன்.

சர்வர் அறைக்குத் திரும்பி என் பையை எடுத்தேன். மேலாளரின் பேச்சில் ஒரு வார்த்தை காதிலேயே நின்றது. எல்லாரும் எடுத்துக்கறாங்க. ஒட்டிய உறையை மறுபடி பார்த்தேன். எங்கள் அலுவலக முத்திரைக்குக் கீழே ஒரு வரிசை எண் இருந்தது: ஆறில் மூன்று.

சனிக்கிழமை நான் ஆறு ஆலைகளுக்கு அப்கிரேடு செய்தேன். ஆறுக்கும் அதே பட்டியல். ஆறிலும் படி பதினேழு. ஆறு டிக்.

நான்கு ஆலைகளில் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. நான் வாசலில் தனுஷ்யாவைப் பார்ப்பதற்கு ஐந்து மணி நேரம் முன்பே அங்கே யாரோ முதல் கையை நீட்டிவிட்டார்கள். அங்கே இரண்டு டிஸ்க்கும் இப்போது ஒரே மாதிரி, ஒழுங்காக, ஒற்றுமையாக இருக்கும். எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நான்கு ஆலைகளின் பெயரையும் கீழே எழுதியிருக்கிறேன். என் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். எனக்கு நோட்டீஸ் அனுப்ப உங்களுக்கு மூன்று நாள் போதுமாக இருந்தது. அவர்களுக்கு இன்னும் ஏன் ஒன்றும் போகவில்லை என்று அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.

ஆறாவது ஆலை பெருந்துறைப் பக்கம். அங்கே ஷிப்ட் நான்கு மணிக்கு. அப்போது மணி இரண்டு இருபது. போன் போட்டேன். எடுத்தவர் வாட்ச்மேன்.

"சர்வர் ரூம் சாவி உங்ககிட்ட இருக்குதுங்களாண்ணா?"

"இருக்குதுங். நீங்க யாருங்?"

"சனிக்கிழமை அப்கிரேடு பண்ணுன கோகிலவாணி. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஆயுத பூஜைக்கு அங்க மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சீங்களா?"

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"வெக்காம இருப்பமுங்களா?" என்றார்.

"ஒரு டார்ச் எடுத்துக்குங்க," என்றேன். "போனை வெச்சராதீங்க."